கோலியஸ் கைமாறும்போது: விதையா, வெறும் தண்டா, வேர்விட்ட தண்டா?

காட்பாடி, சத்துவாச்சாரி மாடித் தோட்டங்களிலிருந்து குடியாத்தம், ஆம்பூர் வரை, வண்ண இலைகளுக்காக வளர்க்கப்படும் கோலியஸ் செடிகளை மாற்றிக்கொள்பவர்கள் அதை எந்த நிலையில் கொடுப்பது என்பதில் ஒருமித்த கருத்துடையவர்கள் அல்லர். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் இந்தத் தேர்வுதான் செடி பிழைப்பதையும் பட்டுப்போவதையும் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

விதை மிகச் சிறியது; ஒரு கிராமில் ஏறத்தாழ 3,500 விதைகள் இருக்கும் என்பதால் அஞ்சல் உறையிலேயே அனுப்பிவிடலாம். முளைக்க வெளிச்சம் தேவை என்பதால் மண்ணால் மூடாமல் ஈரமான பரப்பின் மேல் தூவ வேண்டும். 21 முதல் 24 டிகிரி வரையான வெப்பம் ஏற்றது என்பதால், நமக்குக் கார்த்திகை முதல் தை வரை விதைப்பது நல்லது. ஆனால் தாய்ச்செடியின் நிறமும் கோடுகளும் விதைவழிச் செடியில் அப்படியே வருவதில்லை. விதைக்காகப் பூக்கவிட்டால் தாய்ச்செடியின் இலை வளர்ச்சியும் குன்றும். புதுப்புது நிறங்களைக் கண்டு மகிழ விரும்புபவருக்கு விதை சிறந்தது. ஒரு குறிப்பிட்ட செடியை விரும்பிக் கேட்டவருக்கு அது பயன்படாது.

வெறும் தண்டு கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் எளிது. பூங்கதிர் இல்லாத நுனியில் இரண்டு மூன்று கணுக்களோடு ஒரு விரல் நீளம் கிள்ளி, கீழ் இலைகளை நீக்கி, ஈரத்துணியில் சுற்றிக் காலையிலேயே கொடுத்துவிட்டால் அடுத்த தெருவுக்கு அது போதும். ஆம்பூருக்குப் பகல் நேரப் பேருந்தில் அனுப்பினால் இலைகள் துவண்டுவிடும். பெரிய இலைகளைப் பாதியாக நறுக்குவது நீரிழப்பைக் குறைக்குமே தவிர, முழுமையாகத் தடுக்காது.

உண்மையான போட்டி, தண்ணீரில் வேர்விட்ட தண்டுக்கும் தென்னை நார்க்கழிவில் வேர்விட்ட தண்டுக்கும் இடையேதான். கண்ணாடிக் குவளையில் கணு மூழ்கும்படி வைத்தால் ஒன்றிரண்டு வாரங்களில் வெண்வேர்கள் வெளிவருவதைக் கண்ணாலேயே காணலாம். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. மண்ணே இல்லாததால், வேரைத் தாக்கி முடிச்சுகளை உண்டாக்கும் வேர்முடிச்சு நூற்புழு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஆனால் தண்ணீரில் வளர்ந்த வேர் எளிதில் முறியக்கூடியது. மண்ணுக்கு மாறும்போது அது தடுமாறுகிறது. ஆகவே, வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தை எட்டியவுடனேயே நட்டுவிட வேண்டும். குவளை நிறைய வேர் சுருளும்வரை காத்திருப்பது தவறு. தோட்டத்து மண்ணில் வேர்விட்ட செடிக்கு இந்தத் தடுமாற்றம் இல்லையென்றாலும், அந்த மண்ணோடு நூற்புழுவும் சேர்ந்தே போகலாம்.

இந்த இரு குறைகளுக்கும் நார்க்கழிவு தீர்வாகிறது. உப்பு நீங்க நன்றாக அலசிய புதிய நார்க்கழிவில் தண்டைச் செருகி, வெயில் நேரடியாகப் படாத இடத்தில் வைத்து, ஈரம் காயாமலும் தேங்காமலும் பார்த்துக்கொண்டால், கிளம்பும்போதே வேர் தனக்கான பிடிமானத்துடன் செல்லும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள வீடுகளில், சேமித்த மழைநீரை இதற்கென ஒதுக்கி வைக்கலாம். வெளியூருக்குக் கொடுப்பதானால் என் பரிந்துரை இதுவே.

எந்த முறையில் தண்டு கொடுத்தாலும், இலைக்கக்கத்தில் மாவுப்பூச்சியின் வெண்பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று கொடுப்பவர் பார்த்தாக வேண்டும். பெறுபவரும் புதுச்செடியை இரண்டு வாரம் தனியே வைத்திருக்க வேண்டும். ஆடியின் பிற்பகுதியில் மாலை மழை தொடங்கி வெப்பம் தணியும் நாட்கள் பரிமாற்றத்துக்கு உகந்தவை. ஐப்பசி அடைமழையில் தண்டு அழுகாமலிருக்கத் தொட்டிகளைக் கூரையடியில் வைக்க வேண்டும். கத்திரி வெயிலில் யார் கேட்டாலும், தாய்ச்செடியை நிழல்வலைக்குள் காப்பாற்றி வைத்திருந்து மழைக்குப் பின் தருவதாகச் சொல்வதே கேட்டவருக்கும் செடிக்கும் நல்லது.