சின்ன டிரஸ்டுக்கு எந்தப் பணம் ஒத்துவரும்?

மாலை நேர வகுப்பு, முதியோருக்கு மதியச் சாப்பாடு, ஆதரவற்ற பெண்களுக்குத் தையல் மெஷின் என்று ஒரே ஒன்றியத்துக்குள் வேலை பார்க்கும் சின்ன டிரஸ்டுகள் தமிழ்நாட்டில் நிறைய. பணத்துக்கு அவை தட்டும் கதவுகள் முக்கியமாக நான்கு: கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதி, வெளிநாட்டு நன்கொடை, விருது, தெரிந்தவர்கள் மாதாமாதம் தரும் சிறு தொகை. எல்லோருடைய கண்ணும் முதலில் போவது சிஎஸ்ஆர் மேல்தான்.

போவதில் தப்பில்லை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. அதற்கான பணிகளின் பட்டியலில் முதலில் வருவதே பசியும் வறுமையும்தான். ஆனால் அதே பிரிவு, கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் இருக்கும் டிரஸ்டுக்கு இது வசதி. கமுதியில் இருப்பவர் எந்தத் தொழிற்சாலை வாசலில் போய் நிற்பார்?

அப்புறம் காகிதங்கள். டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ பதிவு, நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு, சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எண், மூன்றாண்டு அனுபவம், செலவழித்த பிறகு பயன்பாட்டுச் சான்றிதழ். இவ்வளவும் இருந்தாலும் பணம் பெரும்பாலும் பொருளாகக் கண்ணில் படும் செலவுக்குத்தான் வரும். வகுப்புக்கு மேசை, நாற்காலி வாங்கித் தருவார்கள். பாடம் சொல்லித் தரும் ஆசிரியையின் சம்பளம் என்றால் இழுப்பார்கள். நிதியாண்டு முடியும் நேரத்தில், "மார்ச்சுக்குள் செலவழித்துவிட முடியுமா?" என்று கேட்டு வரும் பணமும் உண்டு. அவசரத்தில் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர்கள் உறைகூடப் பிரிக்காமல் கிடப்பது அப்படித்தான்.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்சிஆர்ஏவில் பதிவு செய்ய டிரஸ்டுக்கு மூன்றாண்டு வயது வேண்டும். அந்த மூன்றாண்டில் 15 லட்சம் பணிகளுக்குச் செலவழித்திருக்கவும் வேண்டும். பணம் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் முதலில் இறங்கும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதையும் 2020 திருத்தம் நிறுத்திவிட்டது. கிராமத்து டிரஸ்டுகள் பலவும் அந்த வழியாகத்தான் வாங்கிக்கொண்டிருந்தன.

விருது வேறு வகை. அரசு விருதுக்கு விண்ணப்பிப்பதில் நஷ்டமில்லை. கிடைத்தால் அதிகாரிகளிடம் பேச்சு எடுபடும், நன்கொடையாளருக்கும் நம்பிக்கை வரும். ஆனால் அதை வரவாக நினைத்து பட்ஜெட் போட முடியாது. பதிவுக் கட்டணம் கட்டச் சொல்லும் "தேசிய" விருதுகளை அப்படியே குப்பையில் போடலாம்.

மிச்சமிருப்பது சிறு நன்கொடை. 200 பேர் மாதம் 300 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 7,20,000. வாடகை, கரண்ட் பில், ஆசிரியை சம்பளம் என்று எதற்கும் கொடுக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். என் ஓட்டு இதற்குத்தான். சிரமம் இல்லாமல் இல்லை. நிறுவனரின் முகத்துக்காகத் தருபவர்கள் அவர் ஒதுங்கியதும் நின்றுவிடுவார்கள். ரசீது, வாட்ஸ்அப் படம், வருமான வரித்துறைக்கு நன்கொடையாளர் விவரப் படிவம் என்று ஒருவருக்கு முழு நேர வேலையே இருக்கும். 80ஜி கழிவைச் சொல்லிக் கேட்பதும் முன்போல் எடுபடாது: புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவு கிடையாது, பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கிடையாது.

ஆனாலும் இந்தப் பணத்தில் மூன்று வருடம் ஓட்டினால், சிஎஸ்ஆர் கேட்கும் அனுபவமும் எஃப்சிஆர்ஏ கேட்கும் செலவுக் கணக்கும் தானாகவே கைக்கு வந்துவிடும். தலைகீழாகச் செய்ய வழியில்லை.