5 வாட் வால்வு ஆம்ப் கிட்: எதை வாங்குவது, எதைக் கோவையிலேயே செய்துகொள்வது

வீட்டிலேயே கிடார் ஆம்ப் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது 5எஃப்1 கிட். ஃபெண்டர் நிறுவனம் 1950களின் பிற்பாதியில் விற்ற டுவீட் சாம்ப் ஆம்பின் சர்க்யூட் அது. மூன்று வால்வு (கிடார் சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையருக்கு ஒரு 5ஒய்3), ஒரே ஒரு வால்யூம் குமிழ், 8 அங்குல ஸ்பீக்கர், அவ்வளவுதான். டோன் குமிழ்கூடக் கிடையாது. பாகங்கள் குறைவாக இருப்பதால் தப்பு நடந்தாலும் தேடிப் பிடித்துவிடலாம். முதல் ஆம்புக்கு இதைவிட நல்ல சர்க்யூட் இல்லை.

பல நாடுகளிலிருந்து, பல பெயர்களில் இந்தக் கிட் கிடைக்கிறது. உள்ளே சர்க்யூட் ஒன்றுதான். தரம் வேறுபடுவது டிரான்ஸ்ஃபார்மரிலும் கேபினெட்டிலும். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்கு எங்கள் தீர்ப்பு: முழுக் கிட் வேண்டாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், வால்வு, சாக்கெட், ஸ்பீக்கர் ஆகியவற்றை மட்டும் வரவழையுங்கள். பவர் டிரான்ஸ்ஃபார்மர், சேசிஸ், கேபினெட் மூன்றையும் இங்கேயே செய்துகொள்ளுங்கள். கிட்டின் எடையில் பெரும்பங்கு இந்த மூன்றுதான். கூரியர் எடைக்குத் தகுந்தபடி ஏறும். சுங்க வரி அந்தக் கூரியர் கட்டணத்தையும் சேர்த்த மதிப்பின் மேல் விழும். பலகைக்கும் இரும்புக்கும் அவ்வளவு கொடுக்கத் தேவையில்லை.

பவர் டிரான்ஸ்ஃபார்மரில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சில கிட்களில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றியது. ஸ்டெப்-டவுன் போட்டு ஓட்டலாம் என்று சொல்வார்கள். வோல்ட் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த இரும்புக் கோரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் காந்தப்பாயம் 20 சதவீதம் கூடும். சிக்கனமாகச் சுற்றியிருந்தால் கோர் நிறைவடைந்து உறுமும், கை வைக்க முடியாத அளவு சுடும். '220 வோல்ட்' என்று போட்டு வருவதிலும் கவனம் வேண்டும். விசைத்தறிகள் நின்ற இரவு நேரத்தில் லைனில் 245 வோல்ட் இருந்தால், 220க்குச் சுற்றியதில் எல்லா வோல்ட்டும் 11 சதவீதம் கூடும். வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் 7 வோல்ட்டாகும். வால்வு தாங்கும் 10 சதவீத வரம்பைத் தாண்டிவிடும். 340 இருக்க வேண்டிய எச்.டி. (வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்ட் டி.சி.) 378 ஆகும். ஆம்ப் நன்றாகப் பாடும், 6வி6 சீக்கிரம் சாகும். எனவே ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் வீட்டு சாக்கெட்டில் காலை, மாலை, நள்ளிரவு என்று மீட்டர் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் கிரைண்டருக்கும் பம்புக்கும் மோட்டார் சுற்றும் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மோட்டார் சுற்றுபவரிடம் போகாமல், ஸ்டெபிலைசருக்கும் கன்ட்ரோல் பேனலுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவரிடம் போங்கள். பாபின், ஸ்டாம்பிங் (கோருக்கு அடுக்கும் இரும்புத் தகடுகள்), லேயர் பேப்பர் எல்லாம் அவரிடம் கைவசம் இருக்கும். எழுதிக்கொடுக்க வேண்டிய கணக்கு இது. கோர் நடுக்காலின் நிகரப் பரப்பு 9 சதுர செ.மீ., காந்தச் செறிவு 1.2 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸ். அதற்கு வோல்ட்டுக்கு 4.17 சுத்து வரும். பிரைமரி 29 கேஜில் 1040 சுத்து. 960இல் 230 வோல்ட், 1000இல் 240 வோல்ட், கடைசியில் 250 வோல்ட் என்று மூன்று டேப் (சுத்திலிருந்து வெளியே எடுக்கும் முனை). எச்.டி. வைண்டிங் 36 கேஜில் 1315 + 1315, நடுவில் டேப். லோடில் 300-0-300 கிடைக்கும். ஹீட்டர் 20 கேஜில் 28 சுத்து, 14இல் நடு டேப். ரெக்டிஃபையருக்கு 18 கேஜில் 22 சுத்து. கோர் அளவு மாறினால் சுத்து தலைகீழ் விகிதத்தில் மாறும்: கோர் சிறுத்தால் சுத்து கூடும். 8 சதுர செ.மீ. கோரில் இதே எண்ணைச் சுற்றிவிடக் கூடாது.

கடையில் நின்று சொல்ல வேண்டியது: "அண்ணா, எச்.டி. சுத்த மட்டும் குமிச்சுச் சுத்தாதீங்க, ஒவ்வொரு லேயருக்கும் பேப்பர் வெச்சு வரோணுங்க." பழகியவர், "ஸ்டெபிலைசருக்கெல்லாம் அப்புடி வெக்கறதில்லைங் தம்பி, நேரமாகுமுங்" என்பார். நேரமானாலும் பரவாயில்லை என்று கூலியைக் கூட்டிக் கொடுங்கள். எச்.டி. வைண்டிங்கின் இரு முனைக்கும் இடையே 600 வோல்ட் இருக்கிறது. குவியலாகச் சுற்றினால் முதல் சுத்தும் ஐந்நூறாவது சுத்தும் ஒட்டி உட்காரும். எனாமல் மட்டும் அதைப் பல நாள் தாங்காது. பிரைமரிக்கு மேல் செம்புத் தகட்டு ஷீல்டு கேட்டால், தகட்டின் இரு முனையும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே பேப்பர் இருக்க வேண்டும். தொட்டால் அது ஷார்ட்டான ஒரு சுத்து. ஸ்விட்ச் போட்டதும் புகை வரும். வார்னிஷில் முக்கி, சூடு வைத்து உலர்த்திய பிறகு 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) ஒவ்வொரு வைண்டிங்கையும் கோரோடும், மற்ற வைண்டிங்குகளோடும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வைண்டிங் கடையில் பெரும்பாலும் மெக்கர் இருக்கும். வார்னிஷ் சரியாக இறங்காத டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யும், ஆனால் ஸ்டாம்பிங் அதிர்ந்து முனகும். அந்தச் சத்தத்தைச் சர்க்யூட்டில் தேடினால் கிடைக்காது.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் இவரிடமே கொடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒற்றை 6வி6 என்பதால் பிரைமரி வழியாக எந்நேரமும் 40 மில்லி ஆம்பியர் டி.சி. ஓடும். ஸ்டாம்பிங்கை வழக்கம்போல் மாற்றி மாற்றி அடுக்கினால் அந்த டி.சி.யே கோரை நிறைத்துவிடும்; அடிக்கட்டைச் சத்தம் சப்பென்று போகும். 'இ' துண்டுகள் எல்லாம் ஒரு பக்கம், 'ஐ' துண்டுகள் எல்லாம் மறுபக்கம், நடுவே பேப்பர் இடைவெளி என்று அடுக்க வேண்டும். பிரைமரியையும் செகண்டரியையும் பிரித்துப் பிரித்துச் சுற்ற வேண்டும். பலமுறை சுற்றிப் பார்த்தால்தான் கை வரும் வேலை. இது மட்டும் வெளியிலிருந்து வரட்டும்.

வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. 5எஃப்1 கிட்டில் வரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பலவற்றில் 4 ஓம் முனை மட்டுமே உண்டு. 8 அங்குலத்துக்குப் பதில் நாங்கள் போடச் சொல்லும் 12 அங்குல கிடார் ஸ்பீக்கர்களோ பெரும்பாலும் 8 அல்லது 16 ஓம். 4 ஓம் முனையில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுக்கு 7,000 ஓமாகத் தெரிய வேண்டிய லோடு 14,000 ஆகத் தெரியும். பவர் குறையும், வால்வின் ஸ்கிரீன் (உள்ளிருக்கும் கம்பிவலை) சிரமப்படும். 6வி6இன் டேட்டா ஷீட்டில் 250 வோல்ட்டுக்கு 5,000 ஓம், 315 வோல்ட்டுக்கு 8,500 ஓம் என்று இருக்கிறது. அந்த எல்லைக்குள் நிற்பதே நல்லது. 4, 8 இரண்டு முனையும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

சேசிஸ் சுலபம். 2 மி.மீ. அலுமினியத் தகட்டை லேசர் கட்டிங் பட்டறையில் வெட்டி வளைத்துத் தருவார்கள். துளை அளவை நெட்டிலிருந்து எடுக்காமல் சாக்கெட் கைக்கு வந்த பிறகு வெர்னியரில் அளந்து கொடுங்கள். ஒரே 8 பின் சாக்கெட் 28 மி.மீ. துளைக்கும் வருகிறது, 30க்கும் வருகிறது. பவுடர் கோட்டிங் போடுவதானால் எர்த் போல்ட் உட்காரும் இடத்தை டேப் ஒட்டி மறைக்கச் சொல்ல வேண்டும். பவுடர் கோட் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் கம்பி பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்தால் ஆம்ப் உறுமும், லைன் சேசிஸைத் தொட்டாலும் ஃபியூஸ் போகாது, கிடார் தந்தியைப் பிடித்திருப்பவருக்கு அடிக்கும். மூன்று பின் பிளக், பச்சை எர்த் ஒயருக்குத் தனி போல்ட், நட்டுக்கு அடியில் பல் வாஷர். 120 வோல்ட் நாட்டுக் கிட்டில் 2 ஆம்பியர் ஃபியூஸ் வரும். நம் லைனுக்கு 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ ப்ளோ போதும்.

போர்டு வேலையில் கிட்களுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். துளை அடித்த போர்டு, 0.022 மைக்ரோஃபாரட் 630 வோல்ட் கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் எல்லாம் சரியாகவே வருகின்றன. தனியாக வாங்கினாலும் பெரிய செலவில்லை. நாங்கள் மாற்றச் சொல்வது இரண்டு. முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. ஸ்விட்ச் அணைத்த அரை நிமிடத்தில் 340 வோல்ட் இறங்கிவிடும். பெரும்பாலான கிட்டில் இது இல்லை. அப்படியும் கை வைக்கும் முன் மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள். இன்னொன்று 6வி6இன் கேதோடு முனையில் வரும் 470 ஓம் ரெசிஸ்டர். 1 வாட் வந்தால் அதை 5 வாட்டாக்குங்கள், சூட்டில் மதிப்பு நகராது. ஹீட்டர் ஒயர்களை இறுக்கமாக முறுக்கி, சேசிஸ் மூலையை ஒட்டிக் கொண்டுபோங்கள். ஹீட்டர் வைண்டிங்கின் நடு டேப்பை எர்த் செய்துவிட்டால், அதற்குப் பதிலாகப் போடும் 100 ஓம் ரெசிஸ்டர் ஜோடி தேவையில்லை. 5 வோல்ட் வைண்டிங்கை எர்த்தோடு சேர்க்கவே கூடாது, எச்.டி. வெளியே வருவது அதிலிருந்துதான்.

ஸ்பீக்கருக்கு வருவோம். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் மைக் செட்டின் 12 அங்குல வூஃபரை மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. கனமான கோன், நீளமான வாய்ஸ் காயில். நூற்றுக்கணக்கான வாட்டுக்குச் செய்தது. 5 வாட்டில் மந்தமாக இருக்கும். அதோடு ட்வீட்டரும் சேர்த்தால் டிஸ்டார்ஷன் எரிச்சலாக இரைக்கும். கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானே இறங்கிவிடுவதால்தான் அந்த இரைச்சல் காதுக்கு வருவதில்லை. செலஸ்டியன் நிறுவனத்தின் 12 அங்குல கிடார் ஸ்பீக்கரான கிரீன்பேக் 25 வாட், உணர்திறன் 98 டெசிபல், 75 முதல் 5,000 ஹெர்ட்ஸ். 92 டெசிபல் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் 6 டெசிபல் கூடுதல். 5 வாட் ஆம்ப் 20 வாட் போலக் கேட்கும். ஸ்பீக்கரில் போடும் பணம் வீணாகாது.

கேபினெட்டை ஆசாரியிடம் கொடுங்கள். 20 அங்குல அகலம், 18 உயரம், 10 ஆழம், 18 மி.மீ. பலகை, முன்பலகை 12 மி.மீ. போதும். கிரீன்பேக்குக்கு வெட்டும் வட்டம் 283 மி.மீ. பின்பக்கம் மேலும் கீழும் பலகை அடைத்து நடுவில் மூன்றில் ஒரு பங்கு திறந்திருக்கட்டும். 8-க்கு-4 பிளைவுட் ஒன்றில் இரண்டு பெட்டி தாராளமாக வரும். பிளையை வாங்கும் முன் நாலா பக்கமும் தட்டிப் பாருங்கள்; வெற்றுச் சத்தம் வந்தால் உள் அடுக்கில் இடைவெளி, பின்னால் அது கடகடக்கும். வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கிய பைன் பெட்டிப் பலகை பழைய மரக்கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய டுவீட் ஆம்ப் பெட்டிகளும் பைன்தான். பலகையில் குத்திய முத்திரையில் 'எச்.டி.' என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்.பி.' என்றால் மீதைல் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள். மூலைக்குப் பாக்ஸ் ஜாயின்ட். ஆணி அடித்து நிறுத்தினால் ஒரு வருஷத்தில் ஆடும்.

மேலே போர்த்த, பஸ் பாடி கட்டும் கரூரில் கிடைக்கும் சீட் ரெக்சின் நன்றாக உழைக்கும். பவானி ஜமக்காளமும் அழகாக இருக்கும், மூலையில் மடிப்பு தடிக்கும் என்பதால் அங்கே ஒரு மடிப்பை வெட்டி எடுக்க வேண்டும். ஆனால் ஜமக்காளத்தை ஸ்பீக்கர் முன் கட்டாதீர்கள். நெசவு நெருக்கம், மேல்சுரம் அமுங்கிவிடும். எந்தத் துணியானாலும் வாயருகே வைத்து ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையில் காற்றுப் படும் துணி மட்டும் முன்னால் வரலாம்.

முதல் முறை ஸ்விட்ச் போடும்போது 60 வாட் குண்டு பல்பை லைனில் சீரிஸாகப் போடுங்கள். வால்வு மாட்டாமல் பல்பு மங்கலாகவே இருக்க வேண்டும். பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட். பிறகு ஸ்பீக்கரை மாட்டி, வால்வுகளைப் போட்டு, பல்பை எடுத்துவிட்டு அளக்கவும். ஸ்விட்ச் போட்டதும் ஆம்ப் ஊளையிட்டால் பயப்பட வேண்டாம்: அவுட்புட்டிலிருந்து 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே திரும்பி வரும் ஃபீட்பேக் தலைகீழாக வருகிறது. அணைத்து, கெப்பாசிட்டர் இறங்கிய பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி ஒயர் இரண்டையும் இடம் மாற்றினால் அடங்கும். கேதோடில் 19 வோல்ட் என்றால் 470ஆல் வகுக்க 40 மில்லி ஆம்பியர். ஸ்கிரீனுக்கு இரண்டு மூன்று கழித்து, அனோடுக்கும் கேதோடுக்கும் நடுவே 310 வோல்ட் என்றால் 12 வாட்டை ஒட்டி வரும். 6வி6க்கு அது சரியான இடம். 14ஐத் தாண்டினால் 470ஐ 560 ஆக்குங்கள். இப்போது வரும் சில 5ஒய்3 வால்வுகள் பழையவற்றைவிட அதிக வோல்ட் விடுவதால் ரெக்டிஃபையரை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

கடைசியாகக் கேபினெட்டைச் சோதிக்க, வால்யூமை முழுக்க வைத்து ஆறாம் தந்தியில் 82 ஹெர்ட்ஸ் திறந்த சுரத்திலிருந்து ஃப்ரெட் ஃப்ரெட்டாக ஏறுங்கள். ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் கடகடத்தால் அதையே திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்லிவிட்டுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துங்கள். அழுத்தும்போது நின்றால் அங்கே ஒரு ஸ்க்ரூ போதும். எதை அழுத்தியும் நிற்கவில்லை என்றால், சத்தம் பெட்டியில் இல்லை. ஆம்பைத் தனியே தரையில் இறக்கி வைத்து, நீளமான ஒயரில் ஸ்பீக்கரை ஓட்டிப் பாருங்கள். இப்போது நின்றுவிட்டால் அதிர்வில் ஆடுவது பெரும்பாலும் 6வி6 உள்ளிருக்கும் கம்பிகள். வேறு வால்வு மாற்றுங்கள்.