84 மாடல் புல்லட் சாப்பர்: ஆறு வருடம் ஓட்டிவிட்டு விற்கிறேன்

போன வாரம் இந்தச் சாப்பரின் (முன்சக்கரத்தை முன்னால் தள்ளி நீட்டிய பைக்) விலையில் 20 ஆயிரம் குறைத்ததும் நண்பன் போன் போட்டான். "இன்ஜின் நல்லாத்தானே இருக்கு, ஏன்டா கொடுக்கிற?" அவனுக்குச் சொன்னதையே வாங்க நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன்.

இன்ஜினில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 350 சிசி வார்ப்பிரும்பு (காஸ்ட் அயர்ன்) இன்ஜின், வலது கால் கியர். காலையில் ஆம்ப் மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்துவேன். முள் நடுவுக்கு வந்ததும் இன்ஜினுக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, கிக்கரைக் கொஞ்சம் இறக்கி, லிவரை விட்டு ஒரே உதை. கிளம்பிவிடும். சிக்னலில் நியூட்ரல் ஃபைண்டர் என்ற தனிப் பெடலை ஒரு மிதி மிதித்தால் நாலாவது கியரிலிருந்து நேராக நியூட்ரல். இந்தச் சுகம் வேறு எந்த வண்டியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

என் கோபமெல்லாம் முன்பக்கத்தில்தான். முன்பு வைத்திருந்தவர் சேஸிஸ் கழுத்தை (ஹேண்டில்பார் திரும்பும் குழாயை) வெட்டிச் சாய்த்து வெல்டிங் வைத்து, நீள ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டைக் கால்) போட்டிருக்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) அறுபதில் போனால் நூல் பிடித்த மாதிரி போகும். தெருமுனையில் திரும்பினால் சக்கரம் தானாக ஒரு பக்கம் விழும். ஃபோர்க் சாயச் சாய, டயர் தரையில் பதியும் இடம் ஸ்டீயரிங் அச்சுக்கு இன்னும் பின்னால் போய்விடுகிறது. வேகத்தில் நேராக ஓடுவதும் மெதுவாகப் போகும்போது படுக்கப் பார்ப்பதும் அதனால்தான். ஆறு வருடத்தில் ஒரே வீச்சில் ஒரு யு டர்ன் அடித்ததில்லை. ஒருமுறை மனைவியோடு சாய்ந்ததில் சைலன்சர் அவள் கெண்டைக்காலைச் சுட்டுவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வெல்டிங் மேல் ஆத்திரம் வரும்.

மிச்ச வேலை: டேங்க் பிரைமரோடு நிற்கிறது, பின் மட்கார்டுக்குப் பட்டி பார்க்க வேண்டும், பாதி ஒயரிங் டேப் சுற்றியது, சீட்டில் ஃபோம் மட்டும்தான்.

இதெல்லாம் சின்ன விஷயம். கழுத்து மாற்றம் ஆர்சியில் (வண்டிப் பதிவுச் சான்றில்) ஏறவில்லை, ஏறவும் ஏறாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பிலிருந்து இப்படி மாற்றுவதை அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. நான் ஓட்டியதும் தப்புதான். ஆகவே, கழுத்தைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவந்து ஸ்டாக் (கம்பெனி) ஃபோர்க் போடுகிறவருக்கு மட்டும்தான் வண்டி.

நேற்று ஒரு தம்பி சொன்ன விலைக்கே முன்பணத்தோடு வந்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஃபோர்க் இப்படியே இருக்கட்டும், இதுதான் கெத்து" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.