ஓம்னிக்குச் சத்தமும் சூடும் அடைத்த கதை: நாலு கத்திரி வெயிலுக்குப் பிறகு

எங்க வண்டி 2009 மாடல் மாருதி ஓம்னி வேன். ஆரணியில பட்டுப்புடவை எடுத்து வேலூர், காட்பாடி கடைகளுக்குப் போடுறது என் தொழில். வாரத்துக்கு மூணு நடை கண்ணமங்கலம் வழியாப் போய் வரணும். வண்டியில ஏசி கிடையாது. ஓம்னி ஓட்டினவங்களுக்குப் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல, 796 சிசி எஞ்சின் நாம உட்கார்ற சீட்டுக்கு அடியிலேயேதான் இருக்கு. மே மாசம் மேல வேலூர் வெயில், கீழ எஞ்சின். ஆரணி போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு பக்கமும் வெந்த ஊத்தப்பம் மாதிரி ஆயிடுவேன்.

2021-ல முதல் தடவை நானே செஞ்சு பார்த்தேன். மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டுற தார் ஷீட்டை ஹார்டுவேர் கடையில வாங்கி, ஒரு ஞாயித்துக்கிழமை கூரைக்கும் கதவுக்கும் ஒட்டினேன். சத்தம் குறைஞ்ச மாதிரிதான் இருந்தது. மார்ச் தாண்டினதும் வண்டிக்குள்ள ரோடு போடுற வாசனை. கத்திரி ஆரம்பிச்சு நாலாவது நாள் கூரையில இருந்தது இளகிக் கீழ இறங்கி, டாப் துணி தொந்தி மாதிரி தொங்குது. புடவை மூட்டை மேல ஒரு சொட்டு விழுந்திருந்தா என் பொழப்பு போயிருக்கும். சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு எடுக்க ரெண்டு நாள் ஆச்சு. மாடிக்குச் செஞ்ச பொருளை வண்டிக்குள்ள, அதுவும் கூரையில ஒட்டாதீங்க.

2022 ஜனவரியில ஒழுங்கா செய்யலாம்னு ஒரு குஷன் கடைக்குப் போனேன். ரெண்டு மில்லிமீட்டர் கனத்துல, மேல அலுமினியத் தாள் வெச்ச பியூட்டைல் மேட். பியூட்டைல்னா பிசுபிசுன்னு ஒட்டிக்கிற ஒரு வகை ரப்பர். கடைப்பையன் "ஃபுல்லா ஒட்டினாதாண்ணா சத்தம் நிக்கும்"னு அடம் பிடிச்சான். அது உண்மையில்ல. இந்த மேட் சத்தத்துக்கு நடுவுல நிக்கிற சுவர் கிடையாது. தகடு அதிர்றதை நிறுத்துற பொருள். தகடு ஆடும்போது நடுவுல இருக்கிற பியூட்டைல் இழுபட்டு அந்த ஆட்டத்தை லேசான சூடா மாத்திடும். தகட்டோட நடுப்பகுதியில கால்வாசிக்கு மேல ஒட்டினாலே பெரும்பாலான பலன் கிடைச்சிடும். கதவை விரலால தட்டிப் பார்த்தேன். முன்ன 'டங்'குனு கேட்டது, இப்போ 'தொப்'புனு கேட்குது. ஒட்டும்போது ரோலரை அழுத்தி உருட்டணும். காத்துக் குமிழ் நின்னா அந்த இடத்துல ஒட்டியும் பிரயோஜனம் இல்ல.

கூரைக்கு அதுமேல பத்து மில்லி கனத்துல கருப்பு ஃபோம், ஏசி குழாய்க்குச் சுத்துவாங்களே அந்த வகை. சூடு தடுக்கிறது இதுதான், மேட் இல்ல. மேட்ல இருக்கிற வெள்ளித்தாள் சூட்டைத் திருப்பி அனுப்பும்னு விக்கிறவங்க சொல்வாங்க. தாளுக்கு முன்னாடி காத்து இடைவெளி இருந்தாதான் அது நடக்கும். ஃபோமோட ஒட்டிப் போச்சுன்னா அது வெறும் அலங்காரம்.

எல்லாம் முடிச்சு 14,000 ரூபாய்ச் சொச்சம் கொடுத்துட்டு வந்தும் சீட்டுக்கடியில சூடு அப்படியே இருந்தது. சத்துவாச்சாரியில எங்க வண்டிக்கு ஆயில் மாத்துற பெரியவர் சீட்டைத் தூக்கிப் பார்த்துட்டுச் சிரிச்சாரு: "இன்னா நைனா, மூடியில பீடிங்கே இல்ல. ஓட்டைய உட்டுட்டு செவுத்துக்குப் பூச்சு பூசிகினு கீற."

பீடிங்னா மூடியோட ஓரத்தை அடைக்கிற ரப்பர் பட்டை. பதிமூணு வருஷ ரப்பர், காஞ்சு நொறுங்கி, கால்வாசி காணோம். அந்த இடைவெளி வழியாத்தான் சத்தம், சூடு, புகை வாசனை எல்லாம் வந்திருக்கு. சுவர்ல நூத்துல ஒரு பங்கு ஓட்டையா இருந்தாலே போதும், மீதிச் சுவர் எவ்வளவு கெட்டியா இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. எஞ்சின் மூடிக்குப் புது பீடிங், கியர் லிவர் அடியில கிழிஞ்சிருந்த பூட்டுக்கு (லிவரைச் சுத்தி மூடுற உறை) பதிலா புதுசு, ஒயர் போற துளைகளுக்கு குரோமெட்னு சொல்ற ரப்பர் வளையம். கூலியோட சேர்த்து ஆயிரம்கூட ஆகல. மூடியோட கேபின் பக்கம் மட்டும் மேட் ஒட்டினோம். எஞ்சின் பக்கம் ஃபோம் வைக்க அவர் விடல, தீப்பிடிக்கும்னாரு. சரிதானே.

ஃபோன்ல டெசிபல் ஆப் வெச்சு அளந்தேன். அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது, அதே ஃபோன், அதே இடம், அதே வேகம்னா ஒப்பிட மட்டும் ஆகும். கண்ணமங்கலம் ரோட்டுல 60-ல, கண்ணாடி மூடி: ஒண்ணும் செய்யாதப்போ 82, மேட்டும் ஃபோமும் ஒட்டினதும் 79, பீடிங் மாத்தினதும் 75. செலவையும் பலனையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா எனக்கே வயித்தெரிச்சல்.

ஆனா ஏசி இல்லாத வண்டியில கண்ணாடியை மூடிட்டு யார் ஓட்டுறாங்க? கண்ணாடியை இறக்கினா இந்தக் கணக்கு பாதி காத்துல போயிடும். எனக்கு நிஜமா மிச்சமானது ரெண்டுதான். தொடைக்கடியில எரியுறது நின்னது. மழை பேஞ்சா கூரையில கல்லு கொட்டுற சத்தம் இல்ல. பின் சீட்டுல அம்மா, "இப்பத்தாண்டா நீ பேசறது காதுல வுழுது"ன்னாங்க. அதுவும் மழை நாள்லதான்.

நிறுத்தின வண்டி சூடாகுறதை இது தடுக்கல. ஆரணி கடைத்தெருவுல மூணு மணி நேரம் வெயில்ல நின்னா உள்ள எப்பவும் போல அடுப்புதான், ஏன்னா ஓம்னியில பாதி கண்ணாடி. கருப்பு ஃபிலிம் ஒட்ட 2012-லயே உச்ச நீதிமன்றம் தடை போட்டாச்சு. நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு வெள்ளித்தாள் மறைப்பு வெக்கிறேன். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் கூரைச் சூடு தலையில இறங்காதது மட்டும் நல்லாத் தெரியுது.

நாலு கோடைக்குப் பிறகு கூரை மேட் ஒரு இடத்துலயும் பிரியல, வாசனையும் இல்ல. கதவுலதான் அடி வாங்கினேன். கடையில கதவோட அடியில இருக்கிற வடிகால் துளை மேலயும் சேர்த்து ஒட்டிட்டாங்க. 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் மழை. அடுத்த வாரம் பிரேக் பிடிச்சா கதவுக்குள்ள 'சலக் சலக்'. கதவோட உள்பக்க மூடியான டோர் பேடைக் கழட்டினா அடியில ரெண்டு விரக்கடை தண்ணி, ஓரத்துல துரு. மேட்டை அறுத்துத் துளையைத் திறந்து டிங்கர்கிட்ட விட்டேன். அதுக்குத் தனியா 1,800. உங்க வண்டியில செஞ்சா பேடு மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு சொம்புத் தண்ணி ஊத்திப் பாருங்க, கீழ ஒழுகணும்.

கூடின எடை பதினைஞ்சு கிலோ இருக்கும், மைலேஜ்ல வித்தியாசம் தெரியல. 2024-ல பதினைஞ்சு வருஷம் முடிஞ்சு எஃப்சி காட்டினப்பவும் இதைப் பத்தி யாரும் கேட்கல.

எஞ்சின் அடங்கினதுல இன்னொண்ணு. இத்தனை வருஷம் காதுல விழாத சத்தமெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வருது. பின்னாடி ஜாக்கி கடகடன்னது, பழைய கைலியில சுத்தி வெச்சேன். 50-க்கு மேல இடது பின் சக்கரத்துல ஒரு முனகல். பேரிங்காம். அடுத்த வாரம் விடணும்.