சட்டத்துக்குள் சென்னைக் கடல்: 1754 என்று விற்கப்பட்ட ஓர் அச்சுப்படம்

சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் ரோட்டை ஒட்டிய கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் பழம்பொருள் கடையில், சட்டமிட்ட பழைய கடற்காட்சி அச்சுப்படம் ஒன்றைக் கடந்த மாதம் வாங்கினேன். "செயின்ட் ஜார்ஜ் கோட்டை, சோழமண்டலக் கரை, ஜான் வான் ரைன், 1754, அசல் செப்புத்தகட்டு அச்சு, கைவண்ணம்" என்று விலைச்சீட்டு சொன்னது. வான் ரைன் காட்சியை வரைந்தவர். கேட்ட விலை 1,400 வெள்ளி. 9 விழுக்காடு பொருள் சேவை வரி தனி.

படம் நல்ல படம். முன்புறம் கப்பல்கள், அவற்றுக்குப் பின்னே கரையோரமாக நீளும் கோட்டைச் சுவர், அதற்கு மேல் தாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட வானம் என்று காட்சி எளிமையாகவே அமைந்திருக்கிறது. கப்பல்களின் கயிறுகளைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தால், செம்பில் ஓடிய கோடுகள் அழுத்தத்துக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் போவது தெரியும். எந்த நகலிலும் இது முழுதாக வருவதில்லை. இவ்வகைக் காட்சிப்படங்களை லென்ஸ் பொருத்திய கருவியின் வழியே ஆழம் தோன்றப் பார்ப்பது அக்கால இங்கிலாந்து வீடுகளில் ஒரு பொழுதுபோக்காக இருந்ததால், வண்ணம் சற்றுத் தூக்கலாகவே பூசப்பட்டது. அதை அறியாமல் "வண்ணம் மிகை" என்று ஒதுக்கிவிடக் கூடாது.

சென்னையை அறிந்தவர்கள் இந்தப் படத்தில் துறைமுகத்தைத் தேட வேண்டாம். அந்நாளில் அங்கே துறைமுகமே இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள்தாம் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தன. கோட்டையே 1746இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய் 1749இல்தான் ஆங்கிலேயரிடம் திரும்பியது. லண்டனில் இருந்துகொண்டு தீட்டப்பட்ட இத்தகைய படங்களை நேரில் கண்ட சாட்சியமாக எடுத்துக்கொள்வது ஆபத்து. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இதே கோட்டையை 1732 வாக்கில் தீட்டிய ஜார்ஜ் லாம்பர்ட்டும் சாமுவேல் ஸ்காட்டும் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

என் தயக்கமெல்லாம் படச்சட்டத்தைப் பற்றியது. படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் சாளரம் படத்தின் விளிம்போடு ஒட்ட வெட்டப்பட்டிருந்ததால், அச்சிடும்போது தகடு தாளில் பதிக்கும் அழுத்தக் குழியோ, தலைப்புக்குக் கீழே வர வேண்டிய வெளியீட்டு வரியோ கண்ணில் படவில்லை. 1735ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டப்படி, செதுக்கோவியத்துக்கு உரிமை கோருகிறவர் தம் பெயரையும் வெளியிட்ட நாளையும் தகட்டிலேயே பொறிக்க வேண்டும். ஆகவே படத்தின் பிறப்புச் சான்று அந்த ஒரு வரிதான். அதை மூடிவைத்துவிட்டு ஆண்டை மட்டும் சீட்டில் எழுதினால் எப்படி நம்புவது? படச்சட்டத்தைத் திறந்து காட்டும்படி கேட்டேன். மீண்டும் மூடும் செலவை நான் ஏற்றால் திறக்கலாம் என்றார் உரிமையாளர். இந்த ஊரில் பல கடைகள் இதற்கே சம்மதிப்பதில்லை என்பதால், இதை அவருடைய நேர்மைக்கு அடையாளமாகவே கொள்கிறேன்.

திறந்ததும் மூன்று விஷயங்கள் தெரிந்தன. வெளியீட்டு வரி இருக்க வேண்டிய கீழ் ஓரம் யாராலோ எப்போதோ வெட்டப்பட்டிருந்தது. தாளை விளக்குக்கு எதிரே பிடித்தபோது, தாள் வார்க்கும் சல்லடையின் கம்பிகள் பதிந்து பழைய தாளில் அணிவகுத்து நிற்கும் வரிகள் ஒன்றுகூட இல்லை. நெசவுத்துணி போன்ற சீரான பரப்பே தெரிந்தது. இந்த நெசவுத்தாள் இங்கிலாந்தில் முதலில் புத்தகம் ஏறியது 1757இல், பாஸ்கர்வில் அச்சிட்ட வெர்ஜில் நூலில். அச்சுப்படங்களுக்கு அது பரவலானது அந்நூற்றாண்டின் இறுதியில். எனவே 1754இல் அச்சான பிரதி இதுவாக இருக்க முடியாது. மூன்றாவதாக, வானத்தின் நீலம் துருநிறப் புள்ளிகளின் மேலேயே பூசப்பட்டிருந்தது. கறை முந்தியது, வண்ணம் பிந்தியது.

இதனால் படம் போலியாகிவிடாது. உருப்பெருக்கியில், நவீன நகல்களில் தெரியும் புள்ளி அச்சின் தடயம் ஏதும் இல்லை. மையும் தாளின் மேல் மெலிதாக எழும்பி நிற்கிறது. செப்புத்தகடுகள் கைமாறிக் கைமாறிப் பல பதிற்றாண்டுகள் அச்சிடப்பட்டவை. இந்தப் படம் அடங்கிய காட்சித் தொடரை வெளியிட்ட லண்டன் பதிப்பாளர் ராபர்ட் சேயரின் வணிகம் 1794இல் லாரி, விட்டில் ஆகிய இருவரிடம் போன பிறகு, அவருடைய தகடுகள் பலவற்றை அவர்கள் மறுபடி அச்சிட்டார்கள். என் பிரதியும் அவ்வழி வந்திருக்கலாம் என்பது என் ஊகம். தகடு 1754ஐச் சேர்ந்ததாக இருந்தாலும் தாள் பின்னாளையது. சேகரிப்பவருக்கு இந்த வேறுபாடு விலையிலும் மதிப்பிலும் பெரியது. விலைச்சீட்டோ அதைச் சொல்லவே இல்லை.

உரிமையாளர் வாதாடவில்லை. "தகடு 1754, பின்னாளைய அச்சு, வண்ணம் பிற்காலத்தது, கீழ் ஓரம் வெட்டப்பட்டது" என்று ரசீதில் எழுதிக் கையெழுத்திட்டு, விலையை 950 வெள்ளிக்குக் குறைத்தார். அந்த விலைக்கு இது எனக்குத் திருப்தியான பொருள்.

படச்சட்டத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. பொன்பூச்சு மரம் பார்வைக்கு அழகுதான். ஆனால் உள்ளே அமிலம் கசியும் மலிவு அட்டை சாளர விளிம்பு நெடுகப் பழுப்புக் கோடு போட்டிருக்கிறது. படம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. மேல் முனைகளைச் சாதாரண ஒளிபுகு டேப்பால் பின்னே ஒட்டியிருந்தார்கள். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், கண்ணாடியைத் தொட்டு நிற்கும் தாளுக்குப் பூஞ்சை பிடிப்பது நாள் கணக்குதான். அமிலமற்ற அட்டை, இடைவெளிக் கட்டை, புறஊதாக் கதிர் தடுக்கும் கண்ணாடி ஆகியவற்றோடு மறுசட்டமிட எனக்கு மேலும் 260 வெள்ளி ஆயிற்று. டேப்பை நானே உரிக்கத் துணியாமல், தாள் பழுதுபார்ப்பவரிடம் விட்டேன். அந்தக் கணக்கு வேறு. வாங்க நினைப்பவர்கள் இச்செலவுகளைத் தொடக்கத்திலேயே விலையோடு சேர்த்துக்கொள்வது நல்லது.

படம் இப்போது என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், வெயிலும் குளியலறைச் சுவரின் ஈரமும் எட்டாத நடைவழியில் தொங்குகிறது. இதே தொடரைச் சேர்ந்த பம்பாய்க் காட்சி ஒன்று அதே கடையில், அதே மாதிரியான சட்டத்தில், 1754 என்ற அதே சீட்டோடு இன்னும் இருக்கிறது. அதையும் திறந்து வைக்கும்படி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.