கொப்பியா, ஒரே மென்பொருளா, இணைப்பா? மட்டக்களப்பு, அம்பாறை நோயாளர் பதிவுகள்

பெரியகல்லாற்றில் நீரிழிவுக்கு மருந்தெடுக்கும் ஒருவர் களுவாஞ்சிக்குடி கிளினிக்குக்குப் போகிறவராக இருக்கலாம். இரவில் நெஞ்சுவலி வந்தால் அவரைத் தெற்கே கல்முனைக்கோ வடக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கொண்டுபோவார்கள். கல்முனை அம்பாறையைச் சேர்ந்தது; வேறு மாவட்டம், வேறு சுகாதாரப் பிராந்தியம். போதனா வைத்தியசாலையோ மத்திய அமைச்சின் கீழ் வருவது. எங்கே போனாலும் அவருடைய மருந்து விவரம் கூடவே போவது கிளினிக் கொப்பியில் மட்டும்தான்.

பதிவைக் கொண்டுபோக முதல் வழியான அந்தக் கொப்பியை லேசாக நினைக்கக் கூடாது. மின்சாரம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், எந்த டொக்டரும் திறந்து பார்க்கலாம். ஆனால் அவசரத்தில் அது வீட்டிலேயே கிடந்துவிடும். மார்கழி வெள்ளத்தில் நனைந்தால் மை கரைந்துவிடும். 2004 சுனாமி இந்தக் கரையில் வீடுகளோடு சேர்த்து இப்படியான தாள்களையும் கொண்டுபோனது.

இரண்டாவது வழி, எல்லா இடத்துக்கும் ஒரே மென்பொருள். சிறிய பிரதேச வைத்தியசாலைக்கு இது நல்லது. பயிற்சி ஒன்றே, இடமாற்றத்தில் வரும் தாதியருக்கும் பழகியதாக இருக்கும். ஆனால் ஆய்வுகூடம், ஸ்கேன், தீவிர சிகிச்சை என்று விரிந்த போதனா வைத்தியசாலைக்கு அதே சட்டை பொருந்தாது. இங்கிலாந்து 2002இல் மேலிருந்து தொடங்கிய மாபெரும் சுகாதாரக் கணினித் திட்டத்தை 2011இல் கலைக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது, அவரவர் மென்பொருள் அவரவரிடமே இருக்க, தகவலை மட்டும் பொதுத் தரத்தில் பரிமாறுவது. சுகாதாரத் தகவல் பரிமாற்றத்துக்குத் தரங்களை வகுக்கும் எச்.எல்.7 (HL7) நிறுவனத்தின் ஃபயர் (FHIR) தரம் இதற்காகவே உள்ளது. எஸ்தோனியாவும் எக்ஸ்-ரோட் (X-Road) என்ற தகவல் பரிமாற்ற வலையமைப்பு வழியாக இப்படித்தான் செய்கிறது. என் தெரிவு இதுதான்.

ஆனால் கஷ்டம் வயர்களில் இல்லை, ஆளை அடையாளம் காண்பதில் இருக்கிறது. ஒரு இடத்தில் பழைய அடையாள அட்டையின் 9 இலக்கமும் எழுத்தும், இன்னொரு இடத்தில் புதிய 12 இலக்கம். பழையதைப் புதியதாக்க விதி உண்டு. மென்பொருள் அதைச் செய்யாவிட்டால் ஒரே ஆள் இரண்டு நோயாளியாகிவிடுவார். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் பதிகிறவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார். தகப்பன் பெயர் முன்னா பின்னா என்பதும் மாறும். பெயரை வைத்துத் தேடினால் பென்சிலின் ஒவ்வாமை உள்ளவரின் பதிவு கிடைக்காமலே போகலாம், அல்லது வேறொருவருடையது கிடைக்கலாம். இரண்டாவதுதான் அதிக ஆபத்து. அதனால் ஒவ்வொருவருக்கும் எங்கே போனாலும் மாறாத, அவருக்கு மட்டுமே உரிய ஒரு சுகாதார இலக்கம் முதலில் வேண்டும். மருந்துகளையும் கம்பனிப் பெயரில் இல்லாமல் பொதுப் பெயரில் பதிய வேண்டும்.

அப்புறம் அந்தரங்கம். ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். பதிவை யார், எப்போது திறந்தார் என்பது தானாகவே பதியப்பட வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தகவலுக்குக் கூடுதல் காப்புக் கேட்கிறது.

முழுக் கோப்பையும் முதல் நாளே இணைக்கத் தேவையில்லை. இப்போது எடுக்கும் மருந்து, ஒவ்வாமை, கடைசி டயக்னோசிஸ் கார்ட் (வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் நோய் விவர அட்டை), இவை களுவாஞ்சிக்குடி, கல்முனை, மட்டக்களப்பு மூன்றிலும் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். அது ஒழுங்காக ஓடும் வரை கொப்பியை யாரும் நிறுத்த வேண்டாம்.