தையல் மேசையில் கறுப்பு வெள்ளை போன்: இரண்டு வருட அனுபவம்

கும்பகோணத்தில் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பது என் தொழில். அளவு, டிசைன், "அக்கா, நாளைக்குக் கிடைக்குமா?" எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். கூலியும் யுபிஐயில்தான். அதனால் "ஸ்மார்ட்போனே வேண்டாம், பட்டன் போனுக்கு மாறிவிடுங்கள்" என்ற யோசனை எனக்குச் சரிப்படாது. போனைக் கையில் வைத்துக்கொண்டே கவனம் சிதறாமல் இருக்க முடியுமா என்று 2023 ஜூனிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

காரணம் ஒரு பட்டுத்துணி. கல்யாணப் பெண்ணின் சேலையோடு சேர்ந்து வந்த பிளவுஸ் துணி. சாக்பீஸால் கழுத்து வரைந்துகொண்டிருந்தேன். போன் 'டிங்' என்றது. ஏதோ தள்ளுபடி அறிவிப்பு. அதைத் தள்ளிவிட்டு, எடுத்தது எடுத்தோம் என்று ரீல்ஸ் பார்த்தேன். திரும்பி வந்து கத்தரியைப் பிடித்தவள், பின்கழுத்து ஆழத்தை முன்பக்கத்தில் வெட்டிவிட்டேன். அந்தச் சேலைக்கு வேறு துணி கிடையாது. கையின் நீளத்தைக் குறைத்து, மிச்சத் துணியில் ஒட்டுக் கொடுத்து, மேலே கரை வைத்துத் தைத்தேன். அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். கூலி வாங்கவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

முதலில் ஆப் டைமர். ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில், போன் பயன்பாட்டைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்த கூகுள் 2018ல் அறிமுகப்படுத்திய டிஜிட்டல் வெல்பீயிங்கில் இருக்கிறது. இன்ஸ்டாகிராமுக்கு 30 நிமிடம் வைத்தேன். நேரம் தீர்ந்தால் ஐகான் வெளிறிவிடும், ஆப் திறக்காது, நள்ளிரவுக்குப் பிறகுதான் புதுக் கணக்கு. மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. பிறகு விரல் நேரே செட்டிங்ஸுக்குப் போய் டைமரை நீட்டிவிடப் பழகிவிட்டது. இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஆனால் அதே பக்கத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை போனைத் திறந்தோம் என்ற எண்ணிக்கை இருக்கும். எனக்கு 118. அதில் பாதிக்குமேல் எதற்குத் திறந்தேன் என்றே நினைவில்லை. அந்த எண் என்னை உலுக்கியது.

உண்மையில் பலன் தந்தது அறிவிப்புகளைக் களையெடுத்ததுதான். ஆண்ட்ராய்டு 8லிருந்து ஒரே ஆப்பின் அறிவிப்புகளையே வகைவகையாக நிறுத்த வழியிருக்கிறது. நூல், லைனிங் வாங்கும் ஆப்பில் 'பார்சல் வருகிறது' என்பது வேண்டும், 'இன்று மட்டும் சலுகை' வேண்டாம். வந்த அறிவிப்பைச் சற்று அழுத்திப் பிடித்தால் அந்த வகையை மட்டும் அணைக்கலாம். ஒரு ஞாயிறு மதியம் முழுக்க இதற்கே போனது. இப்போது சத்தம் போட்டு வருவது அழைப்பும் வங்கிச் செய்தியும் மட்டும். குரூப்கள் எல்லாம் நிரந்தர மியூட்.

கறுப்பு வெள்ளைத் திரையும் வேலை செய்கிறது. நிறம் போனதும் ரீல்ஸில் பாதி ருசி போய்விடுகிறது. ஆனால் என் தொழிலே நிறம்தானே! அரக்குச் சேலையும் கரும்பச்சைச் சேலையும் ஒரே சாம்பலாகத் தெரியும், எந்த லைனிங் எடுப்பது? வாட்ஸ்அப்பில் நீல டிக்கும் தெரியாது. அதனால் மேலிருந்து இழுக்கும் பட்டியலில் அதற்கொரு பட்டன் வைத்திருக்கிறேன். நிறம் பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் மாற்றுவேன், பார்த்ததும் திரும்பக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவேன்.

டிசைன் தேடுவதுதான் ரொம்ப நாள் தீராத சிக்கலாக இருந்தது. ஒரு பானைக் கழுத்து பார்க்கப் போனால் அரை மணி போய்விடும். கீழே போகப் போக வந்துகொண்டே இருக்கும் இந்த முடிவில்லாத ஸ்க்ரோலை 2006ல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருந்தினார். பழைய டிசைன் புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது. அதையே போனுக்குள் கொண்டுவந்தேன். ஞாயிறு இரவு ஒரு மணி நேரம் தேடி, பிடித்ததை கேலரியில் 'கழுத்து', 'கை', 'ஆரி' என்று மூன்று ஆல்பங்களில் சேமிக்கிறேன். வாடிக்கையாளருக்கு அதைத்தான் காட்டுகிறேன். நாற்பது படம் பார்த்ததும் முடிந்துவிடும், அவர்களும் சீக்கிரம் முடிவெடுக்கிறார்கள்.

இரவில் அழைப்பும் அறிவிப்பும் சத்தம் போடாமல் தடுக்கும் 'டூ நாட் டிஸ்டர்ப்'. ஊரில் அம்மா தனியாக இருக்கிறார் என்பதால் முதலில் பயந்தேன். ஒரே நம்பரிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தால் ஒலிக்கவிடும் வசதி இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். ஒருநாள் பின்னிரவில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். பக்கத்து வீட்டுத் தம்பி இரண்டாம் முறை அழைத்தபோது மணி அடித்தது. விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

போனைத் திறக்கும் எண்ணிக்கை இப்போது 50ஐ ஒட்டி நிற்கிறது. வெட்டும் நேரத்தில் போன் அடுப்படி அலமாரியில் இருக்கும். பகல் ஒரு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும்தான் பதில் அனுப்புவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பல வருடமாக வந்துகொண்டிருந்த ஒருவர் கோபித்துக்கொண்டு வேறிடம் போய்விட்டார், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. மற்றவர்கள் பழகிவிட்டார்கள். இப்போது பலர் பன்னிரண்டே முக்காலுக்குத்தான் அளவு அனுப்புகிறார்கள்.